வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போர்: எந்தப் பலகை ஆட்டத்தில் தொடங்கலாம்?

கேள்வி: “ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகும் என்று சொல்லப்படும் ஒரு போர் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் நடந்த சண்டையை வைத்துச் செய்ததாம். உண்மையா? அதை யாராவது ஆட முடியுமா? எனக்கு செஸ் ஓரளவு வரும், ஜெர்மன் தளபதி ரோமலைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். இந்த வகை ஆட்டங்களில் நான் எதில் தொடங்கலாம்?”

உண்மைதான். அதன் பெயர் ‘தி கேம்பைன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’. அமெரிக்காவின் எஸ்பிஐ நிறுவனம் 1979-இல் வெளியிட்டது, வடிவமைத்தவர் ரிச்சர்ட் பெர்க். ஆனால் நீங்கள் அதில் தொடங்க வேண்டாம். 1982-இல் வந்த ‘ரோமல் இன் தி டெசர்ட்’ ஆட்டத்தில் தொடங்குங்கள். இரண்டு பேர் போதும், போரின் ஒரு சிறிய பகுதியை மட்டும் எடுத்து ஒரு மதியத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். பெரிய ஆட்டம் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரத்தில் சொல்ல வந்ததன் சாரம் இந்தச் சின்ன ஆட்டத்தில் அப்படியே இருக்கிறது. அந்தச் சாரம் என்ன என்று தெரிந்துகொண்டால் ஆட்டம் இன்னும் ருசிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெரிய ஆட்டம். வரைபடமே கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். லிபியா, எகிப்துக் கடற்கரை முழுவதும் அறுகோணக் கட்டங்களாக விரிந்து கிடக்கும். அட்டைச் சில்லுகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பக்கத்துக்கு ஐந்து பேர் என்று பத்துப் பேர் ஆடுவது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. ஒருவர் தலைமைத் தளபதி, ஒருவர் முன்னணிப் படைகளுக்கு, ஒருவர் பின்னணிப் பகுதிக்கு, ஒருவர் விமானப்படைக்கு. ஐந்தாமவருக்குச் சரக்கும் லாரியும் மட்டும்தான் வேலை. ஒவ்வொரு விமானத்துக்கும் விமானிக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுத வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் கூடினால் வருடத்துக்கு 72 மணி நேரம் ஆகிறது. அந்தக் கணக்கில் 1,500 மணி நேரத்தைத் தொட ஏறத்தாழ 21 வருடம் பிடிக்கும். நிஜப் போரோ, 1940 செப்டம்பரில் இத்தாலியர்கள் எகிப்துக்குள் நுழைந்ததிலிருந்து 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மனி, இத்தாலி என்ற அச்சு நாடுகளின் படைகள் சரணடைந்தது வரை, மூன்று வருடம்கூட ஓடவில்லை.

இந்த ஆட்டத்தில் எல்லோரும் பேசுவது பாஸ்தா விதியைத்தான். இத்தாலியப் படைகளுக்குத் தண்ணீர் பங்கிடும்போது பாஸ்தா வேகவைக்க ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் படை சோர்ந்து கட்டுக்குலையும். பெர்க் பின்னாளில் அதை வேடிக்கைக்காகச் சேர்த்ததாகவே சொல்லிவிட்டார். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அதே புத்தகத்தில் இருக்கும் வேறொரு விதி. ஒவ்வொரு முறை வரும்போதும் சேமிப்பில் இருக்கும் பெட்ரோலில் 3 சதவீதம் ஆவியாகிப் போகும். ஆனால் போரின் தொடக்கக் காலத்தில் பிரிட்டிஷ் தரப்புக்கு மட்டும் 7 சதவீதம் போகும். காரணம், பெட்ரோலை ஊற்றி வைத்த பாத்திரம்.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. பிரிட்டிஷ் படை பாலைவனத்தில் பெட்ரோல் கொண்டுபோனது நான்கு காலன் பிடிக்கும் மெல்லிய தகர டின்களில். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயரே ‘ஃபிளிம்சி’. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, சாலை இல்லாத கரட்டு நிலத்தில் லாரியில் குலுக்கிக்கொண்டு போனால் ஓரம் விட்டு ஒழுகும். போய்ச் சேர்வதற்குள் சுமையில் கணிசமான பகுதி மணலுக்குப் போய்விடும். ஜெர்மானியர்களிடம் இருந்தது வேறு. அழுத்தி வடித்த இரண்டு எஃகுத் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த 20 லிட்டர் கேன். வெயிலில் பெட்ரோல் விரிந்தாலும் வெடிக்காதபடி பக்கவாட்டில் பெருக்கல்குறி போல ஒரு பள்ளம். நெம்பித் திறந்து அழுத்தி மூடும் மூடி. மேலே மூன்று கைப்பிடிகள்: நிறைந்த கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். காலி கேன்களை ஒரே ஆள் கைக்கு இரண்டு வீதம் நான்கு தூக்கிப் போகலாம். ஜெர்மானியர்களை ‘ஜெர்ரி’ என்று அழைத்த பிரிட்டிஷ்காரர்கள் அந்தக் கேனுக்கும் ஜெர்ரி கேன் என்று பெயர் வைத்தார்கள், கைப்பற்றியவற்றைப் பொக்கிஷமாகப் பாதுகாத்தார்கள், பிறகு அதையே பார்த்து தாங்களும் செய்தார்கள். இன்று ஜீப்பின் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வடிவம்தான். ஒழுகிய ஃபிளிம்சி டின்னும் வீணாகவில்லை. பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினால் டீ போட அடுப்பு ஆகிவிடும். ‘பெங்காசி பர்னர்’ என்றார்கள். தண்ணீர் ரேஷனாக இருந்த இடத்திலும் டீ மட்டும் நின்றதில்லை.

ஒரு பெட்ரோல் டின்னின் ஓரம் போரின் போக்கை இழுக்கிறது என்பதை பெர்க் பார்த்துவிட்டார். அது பெரிய பார்வை, அதற்காக அவரை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அதை ஆட்டக்காரர்களிடம் கணக்குப் புத்தகமாகக் கொடுத்தார். பெருக்கி வகுத்து எழுதிக்கொண்டே இருக்கும்போது தளபதியின் கவலை நம் வயிற்றுக்குள் இறங்குவதில்லை. எழுத்தரின் அலுப்புதான் மிஞ்சுகிறது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

சரி, அந்தக் கவலை என்ன? போரையே கொஞ்சம் பார்ப்போம்.

லிபியாவில் அச்சு நாடுகளின் பெரிய துறைமுகம் திரிப்போலி. அங்கிருந்து கிழக்கே பெங்காசிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பெங்காசியிலிருந்து டோப்ரூக் இன்னும் நானூற்றைம்பது. டோப்ரூக்கிலிருந்து அலெக்சாந்திரியா அறுநூறு வாக்கில். இவ்வளவு தூரத்துக்கும் இருந்தது கடற்கரையை ஒட்டிய ஒரே ஒரு தார்ச்சாலை. நடுவில் விளைச்சல் கிடையாது, கிணறுகள் அபூர்வம், உதவிக்கு வரும் அளவுக்கு ரயில் பாதையும் லிபியாவில் இல்லை. தோட்டா, ரொட்டி, தண்ணீர், டயர் என்று எல்லாமே லாரியில்தான் வர வேண்டும். ஒரு ஜெர்மன் மோட்டார் டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 டன் தேவைப்பட்டது. அதைக் கொண்டுவரும் லாரியும் பெட்ரோல் குடிக்கும். முன்னணி நகர நகர, லாரி தானே குடிப்பது கூடிக்கொண்டே போகும், இறக்கிவைப்பது குறைந்துகொண்டே வரும். எதிராளிக்கு நேர்மாறு. பின்வாங்கப் பின்வாங்க அவர் தன் கிடங்கை நெருங்குகிறார்.

ஆக, ஜெயித்து முன்னேறுகிறவர் பலவீனமாகிறார், தோற்று ஓடுகிறவர் பலம் பெறுகிறார். இந்தப் போர் இப்படி ஊஞ்சலாடியதற்கு அடிப்படை இதுதான்.

1940 டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் ஓ’கானர் ஏறத்தாழ 36,000 பேருடன், ஐந்து நாள் அதிரடியாகத் திட்டமிட்டு, எகிப்துக்குள் சிடி பர்ரானியில் இத்தாலியர்களைத் தாக்கினார். அது நிற்காமல் ஓடியது. 1941 பிப்ரவரி 7 அன்று பெங்காசிக்குத் தெற்கே பேடா ஃபோமில் முடிந்தபோது ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் கைதாகியிருந்தார்கள். மேலே திரிப்போலி வரை போகலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே வண்டிகள் தேய்ந்துவிட்டன, நல்ல படைகள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதற்குள் பிப்ரவரி 12 அன்று ரோமல் திரிப்போலியில் வந்து இறங்கினார். மார்ச் 24-இல் பிரிட்டிஷ் முன்னணி நின்ற எல் அகேலாவைத் தட்டிப்பார்த்தார், கதவு திறந்துகொண்டது. ஏப்ரலில் டோப்ரூக் வாசலில் நின்றார். இடையில் ஓ’கானரே ஜெர்மானியரிடம் கைதியானார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு முழுச் சேனையைப் பிடித்தவர்!

ஆனால் டோப்ரூக் விழவில்லை. மோர்ஸ்ஹெட் தலைமையில் ஆஸ்திரேலிய 9-ஆவது டிவிஷன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தத் துறைமுகம் கைக்கு வராதவரை ரோமலுக்கு வாலில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சாலை தொங்கியது. நவம்பரில் பிரிட்டிஷ் படையின் ‘குருசேடர்’ தாக்குதல் வந்தது, வருடக் கடைசியில் அவர் மறுபடி எல் அகேலாவுக்கே திரும்பிப் போனார். கிடங்கை நெருங்கியதும் பலம் திரும்பியது. 1942 ஜனவரி 21 அன்று மீண்டும் பாய்ந்தார். மே கடைசியில் டோப்ரூக்குக்கு மேற்கே கசாலா, ஜூன் 21-இல் டோப்ரூக், ஜூலை 1-இல் எல் அலமேன். ரோமலின் ஜெர்மன் படையான ஆப்பிரிக்கா கோர் அன்று அலமேனுக்கு வந்து சேர்ந்தபோது அதனிடம் ஓடக்கூடிய டாங்கிகள் ஐம்பத்தைந்துதான். அலெக்சாந்திரியா நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நுனிக்கொம்பு வரை ஏறிவிட்டார், அதற்குமேல் கொம்பு இல்லை. அக்டோபர் 23-இல் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் பெருந்தாக்குதல் தொடங்கியது. மூன்றாம் நாள், 26-ஆம் தேதி, பெட்ரோல் ஏற்றிவந்த ‘புரோசர்பினா’ கப்பலை டோப்ரூக் அருகே விமானங்கள் தீர்த்துக்கட்டின. ஜெர்மன் சங்கேதச் செய்திகளைப் பிரிட்டிஷார் படித்துக்கொண்டிருந்ததால் எந்தக் கப்பல் எப்போது புறப்படுகிறது என்பதே அவர்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தது.

இப்போது செஸ் தெரிந்த உங்களுக்கு ஒன்று விளங்கும். செஸ்ஸில் குதிரைக்குப் பசிக்காது. பலகையின் எட்டாவது வரிசையில் நின்றாலும் முதல் வரிசையில் இருந்த அதே பலம்தான். இந்தப் போரில் எந்தக் காய்க்கும் அப்படி நிலையான பலம் கிடையாது. தன் கிடங்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் அதன் பலம். வட ஆப்பிரிக்கப் போரைப் பற்றிய ஆட்டம் நல்ல ஆட்டமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான். தூரம் வலிக்கிறதா?

இந்த வலியைப் பலகையில் முதலில் கொண்டுவந்தது 1964-இல் அவலான் ஹில் வெளியிட்ட ‘ஆப்பிரிக்கா கோர்’. அறுபது வருடம் ஆகிவிட்டது, இன்றும் ஆடுகிறார்கள். ஒரு முறை என்பது அரை மாதம். 1941 ஏப்ரலில் தொடங்கி 1942 அக்டோபர் வரை 38 முறைகள். விதிகள் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். இதில் சப்ளை என்பது ஒரு தனிச் சில்லு. தாக்க வேண்டுமானால் அந்தச் சில்லு உங்கள் படைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தாக்கி முடித்ததும் அதைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிரிட்டிஷ் தரப்புக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று நிச்சயம். ஜெர்மன் தரப்பு பகடை உருட்ட வேண்டும். எண் கெட்டால் கப்பல் மூழ்கிவிட்டது என்று பொருள். அந்த ஒற்றைப் பகடை மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் தளமான மால்ட்டா தீவு அச்சு நாட்டுக் கப்பல்களைத் தாக்கிச் செய்த அத்தனை வேலையையும் செய்துவிடுகிறது. ரோமலுக்கும் ஒரு சில்லு உண்டு. அவர் பக்கத்தில் இருந்து கிளம்பும் படை இரண்டு கட்டம் கூடுதலாக நகரும். ஒரு தளபதியின் குணத்தை இரண்டு கட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த விதி.

அதன் குறை சண்டை முறையில் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பலத்தை விகிதமாக்கிப் பகடை போடுவார்கள். மூன்றுக்கு ஒன்று என்று விகிதம் கிடைத்தால் தாக்குகிறவர் மொத்தமாக அழியும் ஆபத்து இல்லை. ஆகவே ஆட்டம் முழுவதும் அந்த மூன்றுக்கு ஒன்றைத் தேடுவதாகவே ஆகிவிடும். ஒட்டி நிற்கும் எதிரிகள் எல்லோரையும் தாக்கியே தீர வேண்டும் என்பதால், முக்கியமான இடத்தில் பலத்தைக் குவிக்க வேறிடத்தில் ஒரு சின்னப் படையைப் பலிகொடுப்பார்கள். கணக்காகப் பார்த்தால் அழகு. ஆனால் ஒரு தளபதி அப்படி யோசிக்க மாட்டார். இன்னொன்று, பலகையில் இருப்பது எல்லாம் இருவர் கண்ணிலும் படுகிறது. எதிராளியிடம் எத்தனை சப்ளை இருக்கிறது என்று எண்ணிவிடலாம். நிஜத்தில் இரு பக்கத்துத் தளபதிகளையும் தூங்கவிடாமல் செய்தது அது தெரியாததுதான்.

அங்கேதான் ‘ரோமல் இன் தி டெசர்ட்’ வருகிறது. வடிவமைத்தவர் கிரெய்க் பெசின்க், வெளியிடுவது கொலம்பியா கேம்ஸ். சில்லுக்குப் பதில் மரக்கட்டைகள். ரம்மி ஆடும்போது சீட்டை நம் பக்கம் திருப்பிப் பிடித்திருப்போமே, அதுபோலக் கட்டைகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். முகம் உங்களுக்கு மட்டும் தெரியும், எதிராளிக்குத் தெரிவது வெறும் முதுகு. அடிபட்டால் கட்டையைக் கால் சுற்றுத் திருப்பினால் பலம் ஒரு படி இறங்கும். எதிரே நிற்பது முழுப் பலமுள்ள பான்சர் (ஜெர்மன் டாங்கி) ரெஜிமெண்டா, அடிவாங்கிச் செத்துக்கொண்டிருக்கும் காலாட்படையா என்பது மோதினால்தான் தெரியும். பலகையின் மேற்கு விளிம்பில் எல் அகேலா, கிழக்கு விளிம்பில் அலெக்சாந்திரியா.

இதயம் சப்ளைச் சீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இருவருக்கும் சீட்டு வரும். சில நிஜச் சீட்டுகள், சில வெற்றுச் சீட்டுகள். கையில் எத்தனை சீட்டு என்பது எதிராளிக்குத் தெரியும், அதில் எத்தனை நிஜம் என்பது தெரியாது. ஒரு சீட்டைச் செலவழித்தால் சாதாரண நகர்வு. இரண்டு சீட்டுக்கு இரண்டு முறை நகரலாம், இல்லாவிட்டால் ஒருமுறை நகர்ந்து இரண்டு முறை சண்டை போடலாம். மூன்று சீட்டு வைத்தால் இரண்டும் சேர்ந்த மின்னல் தாக்குதல். எதுவும் செலவழிக்காமல் ‘பாஸ்’ சொல்லவும் செய்யலாம். இருவரும் அடுத்தடுத்து பாஸ் சொன்னால் மாதம் முடிகிறது. இவ்வளவுதான். பெருக்கல் இல்லை, சதவீதம் இல்லை, எழுதிவைக்கும் கணக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும், இப்போது அடிப்பதா, சேர்த்து வைப்பதா, எதிராளி எதற்காகச் சும்மா இருக்கிறார் என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நானும் என் மச்சானும் கசாலாச் சண்டையை ஆடினோம். அவர் பிரிட்டிஷ், நான் ஜெர்மன். கடற்கரையிலிருந்து தெற்கே பீர் ஹக்கீம் வரை அவருடைய கண்ணிவெடி வரிசை, அதன் பின்னால் சிவப்புக் கட்டைகள். என் கையில் நான்கு சீட்டு, மூன்று நிஜம், ஒன்று வெற்று. மூன்றையும் ஒரே முறையில் இறக்கினேன். பான்சர் கட்டைகளையெல்லாம் பீர் ஹக்கீமுக்குத் தெற்கே சுற்றிக்கொண்டுபோய் அவர் முதுகில் ஏறினேன். முதல் சண்டையில் அவருடைய இரண்டு கவசப் படைகள், அதாவது டாங்கிப் படைகள், காலி. இரண்டாவதில் பகடை என்னைக் கைவிட்டது. என் கட்டைகள் திரும்பித் திரும்பிப் பாதியாகின. அவருடைய கண்ணிவெடி வரிசை இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, சப்ளை வருவதானால் நான் வந்த அதே தெற்கு வளைவில்தான் வர வேண்டும். கையில் மிஞ்சியது அந்த ஒரே ஒரு வெற்றுச் சீட்டு.

அவருடைய முறை. அவர் ஒரு படையைத் தெற்கே நகர்த்தி அந்த வளைவை மூடினால் என் பான்சர்கள் எல்லாம் கண்ணியில் மாட்டிய முயல்கள். அவர் பலகையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் அந்தச் சீட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் இருக்கும். உள்ளேயிருந்து அக்கா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது. “உன்கிட்ட இன்னொரு அடி பாக்கி இருக்கு” என்று சொல்லி, பாஸ் செய்தார். நானும் பாஸ் சொன்னேன். மாதம் முடிந்தது, புதுச் சீட்டு வந்தது, நான் பிழைத்தேன். ஆட்டம் முடிந்த பிறகு அந்த வெற்றுச் சீட்டைத் திருப்பிக் காட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் என்னைச் சிலிர்க்கவைத்தது அப்புறம்தான் உறைத்தது. 1942 மே மாதம் நடந்ததும் ஏறத்தாழ இதேதான். ரோமல் மே 26 இரவில் பீர் ஹக்கீமைச் சுற்றிப் போனார். இரண்டு நாளில் அவருடைய கவசப் படைகள் பிரிட்டிஷ் கண்ணிவெடிகளுக்குக் கிழக்கே பெட்ரோலும் தண்ணீரும் தீர்ந்து நின்றன. 29-ஆம் தேதி காலை அவரே லாரி வரிசைக்கு முன்னால் போய், வழிகாட்டி, பான்சர்களுக்கு எரிபொருளைக் கொண்டுசேர்த்தார். ஒரு சேனைத் தளபதி லாரிகளை அழைத்துப் போகிறார் என்றால் நிலைமை எவ்வளவு கழுத்துக்கு வந்திருக்கும்! பிரிட்டிஷ் தரப்பு அந்த நேரத்தில் ஒருங்கிணைந்து அடிக்கவில்லை. ஜூன் 1-இல் அவர் குறுக்கே இருந்த 150-ஆவது பிரிகேடை நசுக்கிக் கண்ணிவெடிகளின் ஊடே நேர்வழி திறந்துகொண்டார். பிறகு மூன்று வாரத்தில் டோப்ரூக். அன்று எதிர்த்தரப்புத் தளபதிகள் ஏன் தயங்கினார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் எரிச்சல் வரும். மச்சானுடன் ஆடிய பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது. அடுத்தவர் கையில் இருப்பது வெற்றுச் சீட்டு என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

ஒரு விஷயத்தை நடுவில் சொல்லாமல் போக மனமில்லை. இந்தப் போரைப் பற்றிய ஆட்டங்களில் நேசநாட்டுக் காய்களுக்கு இடையே ‘4 இந்தியன்’ என்று எழுதிய காய்களைப் பார்ப்பீர்கள். இந்திய 4-ஆவது டிவிஷன். 1940 டிசம்பரில் சிடி பர்ரானியை உடைத்தது அதுதான். உடைத்த கையோடு, வெற்றியின் நடுவிலேயே, பிரிட்டிஷ் தலைமைத் தளபதி வேவல் அதைப் பிரித்தெடுத்து சூடான் வழியாக எரித்திரியப் போருக்கு அனுப்பினார், அது கெரனில் மலைச்சண்டை போட்டுவிட்டு மறுபடி பாலைவனத்துக்கு வந்தது. 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்ததும் இதே டிவிஷனிடம். இதன் பொறியாளர் பிரிவுகளில் ஒன்று மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸின் 12-ஆவது ஃபீல்டு கம்பெனி. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படையினரை ராணுவத்தில் எல்லோரும் அழைப்பது ‘தம்பி’ என்றுதான், இன்றும் அப்படித்தான். சாலை போடுவது, தண்ணீருக்கு வழி செய்வது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் பொறியாளர்களின் வேலை. மேலே நான் சொன்ன அந்த ஒற்றைச் சாலை ஓடிக்கொண்டிருந்ததில் நம் ஊர்ப் பக்கத்துத் தம்பிகளின் கையும் இருக்கிறது. எந்த ஆட்டத்திலும் அவர்களுக்குத் தனிக் காய் கிடையாது. ஆனால் 4 இந்தியன் கட்டையை நகர்த்தும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அவர்கள் நினைவு வரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த ஆட்டங்கள் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து விலை நன்றாக ஏறிவிடும். முதலில் ‘வஸ்ஸல்’ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். போர் ஆட்டங்களைக் கணினியில் இருவர் ஆடுவதற்கென்றே செய்தது. ‘ஆப்பிரிக்கா கோர்’, ‘ரோமல் இன் தி டெசர்ட்’ இரண்டும் அதில் உண்டு. அது விதிகளைத் தானாகப் பார்த்துக்கொள்ளாது, பலகையையும் காய்களையும் மட்டும்தான் தரும். எனவே விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். கொலம்பியாவின் புத்தகம் சின்னது, பயப்பட வேண்டாம்.

‘ரோமல் இன் தி டெசர்ட்’ ஆட்டத்தைப் போரின் ஒவ்வொரு பகுதியாகத் தனித்தனியே ஆடலாம். முதல் ஆட்டத்துக்கு 1940-ஐ எடுங்கள். இன்னும் ரோமல் வராத காலம், காய்கள் குறைவு, நகர்வும் சண்டையும் கைக்குப் பழகும். அடுத்தது 1941. ஜெர்மன் தரப்பை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பிரிட்டிஷ் ஆடுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ரோமலாக ஆட ஆசைப்படுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டை ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் புலியின் பலவீனம் புரியும். பின்வாங்கப் பழகுங்கள். டோப்ரூக்கில் நல்ல படையை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிழக்கே இழுங்கள், எதிராளியின் சீட்டு கரைவதைப் பாருங்கள். எகிப்துக்குள் அலமேன் வரை இழுத்துவிட்டால் வடக்கே கடல், தெற்கே கத்தாரா பள்ளம், நடுவில் அறுபது கிலோமீட்டர்ச் சொச்சம்தான் இடைவெளி. சுற்றிவர வழியில்லாத இடத்தில் அவருடைய சாகசம் எல்லாம் நின்றுபோகும்.

பிறகு ஜெர்மன் தரப்புக்கு மாறுங்கள். கவசப் படையை நகர்த்தும் முன்னால் ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை போய் நிற்கப்போகும் கட்டத்தில் விரலை வைத்து, அங்கிருந்து சாலையைப் பிடித்து, எல் அகேலா வரை பின்னோக்கி விரலை இழுத்துப் பாருங்கள். வழியில் எந்த இடத்திலாவது எதிராளியின் ஒரு கட்டை ஒரே நகர்வில் குறுக்கே வந்து உட்கார முடியுமானால், அந்த இடத்தைக் காக்க முதலில் ஒரு இத்தாலியக் காலாட்படையை அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் பான்சரைத் தொடுங்கள்.